மகள் கேட்கும் அந்த நாவல்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆங்கில நாவல் என்றால் உயிர். இப்போது ‘விண்டர்கேர்ள்ஸ்’ வேண்டும் என்று நச்சரிக்கிறாள். ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பெண்ணின் கதையாம். படித்துவிட்டு இவளும் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தால்? வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: நல்ல நாவல்தான் அம்மா. ஆனால் இப்போது வேண்டாம், இன்னும் மூன்று நான்கு வருடம் போகட்டும்.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 2009இல் அமெரிக்காவில் வெளியானது. கதை சொல்லும் லியாவுக்கு வயது 18. தோழி கேஸி இறந்துபோன இரவில் லியாவுக்கு 33 முறை போன் செய்திருக்கிறாள். இவள் எடுக்கவே இல்லை. இந்தச் சோகத்தையெல்லாம் உங்கள் மகள் தாங்கிக்கொள்வாள். என் தயக்கம் வேறு. லியா எந்தத் தின்பண்டத்தைப் பார்த்தாலும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அதன் கலோரி வந்து நிற்கும். வீட்டாரை ஏமாற்ற அவள் செய்யும் தந்திரங்களும் விலாவாரியாக உண்டு. அவை என்னவென்று இங்கே எழுத மாட்டேன். அவள் மனம் எதில் சிக்கிக் கிடக்கிறது என்று காட்டத்தான் ஆசிரியர் அப்படி எழுதினார். ஆனால் ஏற்கெனவே கண்ணாடி முன் வயிற்றை எக்கிப் பார்க்கும் ஒரு பிள்ளை அந்த எண்களைப் போட்டியாக எடுத்துக்கொள்ளும்.

இந்த வயதுக்கு ஜென் பெட்ரோ-ராய் எழுதிய ‘குட் இனஃப்’ (2019) பொருத்தம். 12 வயது ரைலி, அனரெக்ஸியாவுக்காக, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சோற்றை ஒதுக்கவைக்கும் நோய்க்காக, சிகிச்சை மையத்தில் தங்கியிருக்கிறாள். படம் வரைவாள், ஓடுவாள். சகோதரி ஜிம்னாஸ்டிக்ஸில் கெட்டி. அறைத்தோழி விதிகளை மீறி, இவளையும் பழைய வழிக்கு இழுக்கிறாள். எழுதியவரே இந்த நோயிலிருந்து மீண்டவர் என்பதால் உபதேச வாடை இல்லை.

லிசா ஃபிப்ஸின் ‘ஸ்டார்ஃபிஷ்’ஷையும் (2021) வாங்குங்கள், இது உங்களுக்கும் சேர்த்து. வசன கவிதையில் ஓடும் நாவல். குண்டாக இருக்கிறாள் என்று எல்லியை எல்லோரும் சீண்டுகிறார்கள். பள்ளியை விடுங்கள், பெற்ற தாயே எடை குறைப்புக் கட்டுரைகளைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறாள்! தண்ணீர் குடிக்கப் போனாலும் அதுதான் கண்ணில் படும். நம் கல்யாண வீடுகளில் ‘என்னடி, பூசினாப்ல ஆயிட்ட’ என்று கன்னத்தைக் கிள்ளும் பெரியம்மாக்கள் இதைப் படிக்க மாட்டார்கள். நீங்களாவது படியுங்கள்.

பையன்களுக்கு இந்தப் பட்டினி நோய் வராது என்று நினைப்பவர்களுக்கு லோயிஸ் மெட்ஸ்கரின் ‘எ ட்ரிக் ஆஃப் தி லைட்’ (2013) இருக்கிறது. அதில் கதை சொல்வதே நோயின் குரல்தான். அதுவும் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

சேர்ந்து சாப்பிட உட்காராமல் நழுவுவது, சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய்த் தாழிடுவது, மாதவிலக்கு நின்றுபோவது, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் நாவல் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் 14416 இலவச எண், தமிழிலும் பேசலாம்.

ஒருவேளை ‘விண்டர்கேர்ள்ஸ்’ நாவலைத் தோழியிடம் வாங்கிப் பாதி படித்துவிட்டாள் என்றால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் போர்வைக்குள் படிப்பாள். நீங்களும் அதை வாங்கிப் படித்துவிட்டு, கேஸியின் போனை லியா ஏன் எடுக்கவில்லை என்று அவளிடமே கேளுங்கள்.