இந்தோனேசிய விக்கிப்பீடியால ரெண்டு தடவை ரிவர்ட், மலேசியாக்காரன்னுதானா?

ப்ரோ, ஈப்போ பக்கம் ஆஸ்பத்திரி பத்தி நீங்க எழுதினதை ஒரு வார்த்தை சொல்லாம ரெண்டு தடவை தூக்கிட்டாங்க, மலேசியாக்காரன்னுதான் இப்படின்னு கேட்டிருக்கீங்க. எனக்கு அப்படித் தோணல. நீங்க போட்ட பத்தியைப் படிச்சேன், அது சுத்தமான மலேசிய மலாய். 'ராவாத்தான் பெர்சுமா'ன்னு எழுதியிருக்கீங்க, உங்க ஊர்ல அது இலவச சிகிச்சை, ஆனா ஜகார்த்தாக்காரருக்கு பெர்சுமான்னா வீண்! (சிரிச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.) 'பெஜாபாட்'டும் அப்படித்தான், உங்களுக்கு ஆபீஸ், அவங்களுக்கு அதிகாரி, ஆபீஸுக்கு அவங்க டச்சுலேர்ந்து வந்த 'கான்தோர்' தான் சொல்வாங்க, ஆஸ்பத்திரின்னா 'ரூமா சாகிட்'.

ரெண்டும் ஒரே மொழிதானேன்னு அங்க மட்டும் சொல்லிடாதீங்க. 1928ல இந்தோனேசிய இளைஞர்கள் எடுத்த உறுதிமொழிலயே தங்க மொழிக்கு பஹாசா இந்தோனேசியான்னு பேர் வச்சிட்டாங்க, மலாய்க்குத் தனி விக்கியே இருக்கு. வார்த்தைல சந்தேகம்னா கேபிபிஐங்கிற இந்தோனேசிய மொழி அகராதி ஆன்லைன்லயே கிடைக்குது, பாத்துட்டு எழுதுங்க.

சொல்லாம தூக்கினது எனக்கும் பிடிக்கல, ஆனா முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்ல கூச்சப்படுறவங்க அங்க நிறைய, அதுவும் காரணமா இருக்கலாம். மூணாவது தடவை அப்படியே திருப்பிப் போடாதீங்க, மாத்தி மாத்தி அழிச்சுப் போடுற எடிட் வார்னு ஆயிடும். ரிவர்ட் பண்ணவரோட பேச்சுப் பக்கத்துல 'மோஹோன் மாஆஃப்'னு (மன்னிக்கணும்னு அர்த்தம்) ஆரம்பிச்சு எந்த வரி இடிக்குதுன்னு கேளுங்க. பதில் வரலன்னா 'வாருங் கோப்பி'ல போடுங்க, காப்பிக் கடைன்னு அர்த்தம், அவங்க பொது விவாதப் பக்கத்துக்கு அதான் பேரு.