பதினோரு கத்தி, நசுங்குற தக்காளி

அக்காவுக்கு வணக்கம்.

பழைய வீட்டு சாமான் பத்தி நீங்க எழுதறதை விடாம படிக்கிறவன். டாலஸ்ல இருக்கேன், ஐடி வேலை, வயசு 41. சில வருஷமா பாக்கெட் நைஃப் சேக்கறேன், இப்ப பதினொண்ணு இருக்கு. ஆரம்பிச்சது ஸ்விஸ் ஆர்மி நைஃப்ல, அதெல்லாம் என்ட்ரி லெவல், அப்புறம் கேஸ், ஸ்பைடர்கோன்னு அமெரிக்க கம்பெனி கத்திங்களுக்கு போய் இப்ப செபென்சாங்கற விலை கூடின மடக்குக் கத்தி வரைக்கும் வந்தாச்சு. அது மட்டும் நானூறு டாலருக்கு மேல. இன்னும் அதால எதையும் வெட்டல, சேஃப்ல இருக்கு. கத்தி சேக்கறவங்க குரூப் ஒண்ணுல இருக்கேன், அதுல ஒருத்தர் கேட்டார், வீடு தீப்பிடிச்சா எதை எடுத்துட்டு ஓடுவீங்கன்னு. பாஸ்போர்ட்டுக்கு அடுத்து கத்திப்பெட்டின்னுதான் எல்லாரும் சொன்னோம். டிவி, சோஃபா, மைக்ரோவேவ் எல்லாம் இன்ஷூரன்ஸ்ல திரும்ப வாங்கிக்கலாமே. மனைவிக்கு இது புரியல. இந்த காசுக்கு நல்ல டிஷ்வாஷர் வந்திருக்கும்ங்கறா. உன்கிட்ட பட்டுப்புடவை இல்லையான்னு நான் கேக்கறேன். கிச்சன் கத்தி எதுவும் சரியில்ல, தக்காளி நசுங்குதுன்னும் சொல்லிட்டிருப்பா, அது வேற. ஒரு பொருளை இவ்வளவு மதிக்கிறது தப்பா அக்கா? பத்து வயசு பையனுக்கு முதல் கத்தியா எதை குடுக்கலாம்? டிசம்பர்ல ஊருக்கு வரும்போது உங்ககிட்ட கொண்டுவந்து காட்டணும்னு ஆசை, ஃப்ளைட்ல விடுவாங்களா?

ஆர்., டாலஸ்

அன்புள்ள ஆர்.,

மதிக்கிறது தப்பே இல்ல. அந்த கேள்வி அதோட முடிஞ்சுது. புடவை பேச்சுக்குள்ள நான் வரல, உங்க வீட்டு சண்டை, ஆனா ஒண்ணு சொல்லிடறேன், புடவையை அவங்க கட்டிக்கிறாங்க, வருஷத்துக்கு நாலு தடவையாவது நாலு பேர் பாக்க கட்டிக்கிறாங்க, நீங்க உங்க செபென்சாவை சேஃப்ல வெச்சிருக்கீங்க. தீப்பிடிக்கிற விளையாட்டுல பொண்டாட்டி புள்ளைங்க லிஸ்ட்லயே இல்லை, அவங்க தானா ஓடி வந்துடுவாங்கன்னு நினைச்சிருப்பீங்க, போகட்டும்.

எனக்கும் கத்தி பிடிக்கும் தம்பி. மடக்குற கத்தியோட ருசி தெரியாம திட்டறேன்னு நினைக்காதீங்க. வீட்ல இருக்கற சாமான்ல முழுசா புரியற பொருள்னு எத்தனை இருக்கு சொல்லுங்க, ஃபோனுக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது, மைக்ரோவேவ் கெட்டுப்போனா தூக்கிப்போடணும், கார் பானெட்டை திறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். ஒரு மடக்குக் கத்தியில ஒரு அலகு, ஒரு ஸ்ப்ரிங், ரெண்டு பக்கம் கைப்பிடி, நாலு ஆணி, அவ்வளவுதான், கண்ணால பாத்தே எல்லாம் விளங்கிடும், மழுங்கினா நாமளே தீட்டிக்கலாம், பாட்டரி கேக்காது, அப்டேட் கேக்காது. அதனாலதான் டிவி போனா போகட்டும்னு சொல்றவனுக்கு கத்தி போனா மனசு கேக்க மாட்டேங்குது. இது வரைக்கும் நான் உங்க கட்சி.

ஆனா ஸ்விஸ் கத்தியை 'என்ட்ரி லெவல்'னு ஒரு வார்த்தையில தள்ளிட்டீங்க பாருங்க, அங்கதான் முதல் கோவம். 1884ல சுவிட்சர்லாந்துல ஷ்வீட்ஸ் மாகாணத்துல ஈபாக்னு ஒரு சின்ன ஊர்ல கார்ல் எல்ஸெனர் பட்டறை போட்டப்ப அந்தப் பக்கமெல்லாம் வேலை கிடையாது, பையன்கள் வெளிநாட்டுக்கு கிளம்பிட்டிருந்த காலம். ஸ்விஸ் ராணுவம் தன் சிப்பாய்க்கு வேணுங்கற கத்தியை ஜெர்மனியில ஸோலிங்கன்லேர்ந்து வாங்கிட்டிருந்துது, நம்ம சிப்பாய்க்கு நாமளே செய்யக் கூடாதான்னு இந்தாளு மத்த கத்திக்காரங்களையும் சேத்துக்கிட்டு இறங்கி 1891ல முதல் லாட்டை குடுத்தார். விலையில ஸோலிங்கனோட போட்டி போட முடியாம கையை சுட்டுக்கிட்டார், கிட்டத்தட்ட திவால். அப்புறம் 1897ல பதிவு பண்ணினதுதான் நீங்க பாத்த அந்த ஆபீசர் கத்தி, ஒரே ஸ்ப்ரிங்கோட ரெண்டு பக்கமும் டூல் வேலை செய்யும், அதுதான் அவர் மூளை. பேர் ஆபீசர் கத்தியே தவிர ராணுவம் அதை சப்ளை பண்ணல, ஆபீசருங்க சொந்தக் காசு போட்டுத்தான் வாங்கினாங்க. அம்மா 1909ல இறந்ததும் அவங்க பேரையே கம்பெனிக்கு வெச்சார், விக்டோரியா, பின்னால துருப்பிடிக்காத ஸ்டீல் வந்ததும் அதோட பேரான 'இனாக்ஸ்'ஐ வாலா ஒட்டி விக்டோரினாக்ஸ் ஆச்சு. அந்த சிப்பாய் கத்தி என்னத்துக்கு தெரியுமா, டப்பா சாப்பாட்டை திறக்க, துப்பாக்கியை கழட்டி மாட்ட. அதோட அலகு இன்னிக்கும் ராக்வெல்னு ஸ்டீலோட கடினத்தை அளக்கற கணக்குல 55, 56தான் நிக்கும், உங்க குரூப்ல சிரிப்பாங்க, 2021ல வந்த மேக்னாகட்ங்கற ஸ்டீல் 62க்கு மேல போகுதேன்னு. சிரிக்கட்டும். 56ல இருக்கற ஸ்டீலை காஃபி கப்போட அடிப்பக்கத்துல தேச்சாலே கூர் வந்துடும், அதுக்குன்னு டைமண்ட் தட்டு வேண்டாம். வேலை செய்ற ஜனங்களுக்கு செஞ்ச பொருள் அது.

சரி, விஷயத்துக்கு வரேன். "அது வேற"ன்னு எழுதியிருக்கீங்க. மனைவிக்கு தக்காளி நசுங்குது, அது வேற. அது எப்படி தம்பி வேறயாகும்? பதினோரு கத்தி இருக்கற வீட்ல, எந்த ஸ்டீலுக்கு எத்தனை டிகிரி சாய்வுல தீட்டணும்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்ற ஒரு மனுஷன் இருக்கற வீட்ல, தினம் மூணு வேளை ஓடுற ஒரே கத்தி மழுங்கிப்போய் தக்காளியை நசுக்குது. வேறயாமே. மழுங்கின கத்திதான் வழுக்கி விரல்ல ஏறும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, உங்க குரூப்ல புதுசா வரவனுக்கு நீங்களே சொல்லியிருப்பீங்க.

நான் இதை யோசிச்சிட்டிருந்ததுக்கு காரணம் ஒரு நோட்டு. எங்க தாத்தா வீடு கும்பகோணம் பக்கம், அங்க பாகம் பிரிச்சப்ப கணக்குப்பிள்ளை எழுதின சாமான் லிஸ்ட் போன மாசம் கையில கிடைச்சுது. வெண்கலப் பானை எத்தனை, என்ன எடை, அண்டா, குத்துவிளக்கு, ஊஞ்சப் பலகை சங்கிலியோட, ரெண்டு மர பீரோ, எல்லாம் வரிசையா இருக்கு. அதுல தனி வரியா 'சீமை பேனாக்கத்தி 1'. ஷெஃபீல்ட்னு இங்கிலாந்து ஊர் பேர் பொறிச்சது, தந்தம் மாதிரி வழவழன்னு கைப்பிடி, தாத்தா அதை வெச்சு கடுதாசி பிரிப்பார், பென்சில் சீவுவார், வேற ஒண்ணும் பண்ணினதா யாருக்கும் ஞாபகம் இல்ல. அந்த கத்திக்கு பெரியப்பாவும் சித்தப்பாவும் நின்ன நிலை இருக்கே, நிலத்துக்கு கூட அப்படி நிக்கல, மூத்தவனுக்குத்தான்னு ஒருத்தர், அப்பா கடைசி காலத்துல என்கிட்டதான் குடுத்தார்னு ஒருத்தர், நடுவுல எங்கப்பா எனக்கு வேணாம்னு சொன்னதுக்கு ரெண்டு பேரும் சேந்து அவரை திட்டினாங்க. கடைசியில சித்தப்பாவுக்கு போச்சு, பெரியப்பா அந்த வீட்டு விசேஷத்துக்கு ரொம்ப நாள் போகல.

லிஸ்ட்ல அருவாமணை இல்ல. நான் நாலு தடவை தேடினேன், இல்ல. அந்த வீட்ல இருபது பேருக்கு கீரையும் வாழைப்பூவும் பூசணிக்காயும் அரிஞ்சது அது, தேங்காய் துருவினதும் அதோட நுனியில இருந்த பல்லுதான். அதுல உக்காந்து அரிஞ்சது எங்க அத்தை, சின்ன வயசுலயே தனியா ஆகி பொறந்த வீட்டுக்கு வந்துட்டவங்க. முத்தத்து படியோட கருங்கல் விளிம்புல தண்ணி தெளிச்சு அவங்களேதான் தீட்டுவாங்க, தீட்டி தீட்டி அலகு நடுவுல குழிஞ்சு பிறை மாதிரி ஆயிருந்துது. காய் நறுக்கறப்ப கத்தி அசையாது பாருங்க, காய்தான் நகரும், ரெண்டு கையும் காயைப் பிடிச்சிருக்கும், அத்தை வாழைப்பூவை பாக்காமலே அரிவாங்க, பேச்சு எங்கேயோ இருக்கும், விரல் அலகுலேர்ந்து ஒரு நூல் தள்ளி நின்னு போயிட்டே இருக்கும். பாகம் பிரிச்சதுல அத்தைக்கு ஒண்ணும் வரல. தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் பூர்வீக சொத்துல பங்குன்னு சட்டம் வந்தது 1989ல, அதுவும் அப்ப கல்யாணம் ஆகாம இருந்த பொண்ணுங்களுக்குத்தான். எங்க வீட்டுக்கு வந்தப்ப அத்தை ஒரு பழைய புடவையில சுத்தி அந்த அருவாமணையை எடுத்துட்டு வந்தாங்க. யாரும் ஏன்னு கேக்கல, பெருந்தன்மையெல்லாம் இல்ல, அப்படி ஒரு பொருள் வீட்ல இருக்குன்னே அண்ணன் தம்பி யாருக்கும் தோணல.

அந்த கருங்கல் விளிம்பையும் அத்தை கையையும் நினைச்சிட்டுத்தான் உங்க குரூப் ஆளுங்க பேசற பேச்சை கேக்கறேன். பட்டினா பட்டினான்னு, அலகுல ஏறுற அந்த கறை நிறத்துக்கு உயிரை விடறீங்க. கார்பன் ஸ்டீல் அலகு வாங்கி, கடுகு பேஸ்டை கோடு கோடா தடவி, வினிகர்ல ஊறப்போட்டு, நீலமும் சாம்பலுமா கறை வர வெச்சு போட்டோ எடுக்கறீங்க. வாழைக்காய் ரெண்டு நறுக்கினா போதுமே. எங்க அத்தை அலகுல கரியும் நீலமுமா ஓடின நிறத்துக்கு உங்க ஆளுங்க தனியா பேர் வெச்சு தனியா விலை போட்டிருப்பாங்க. அத்தை அதை புளி போட்டு தேச்சுட்டு கவுத்து வெச்சுட்டு போவாங்க.

இதை விட வேடிக்கை விலை. பென்சில்வேனியாவுல பிராட்ஃபோர்ட்ல செய்ற கேஸ் கத்தி உங்ககிட்டயும் இருக்கே, 1970லேர்ந்து அலகோட அடியில புள்ளி குத்தறான், பத்து புள்ளியில ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒண்ணா குறைச்சுக்கிட்டே வந்தான், லென்ஸ் வெச்சு எண்ணி எந்த வருஷத்து கத்தின்னு சொல்லலாம். நல்ல விளையாட்டு, எனக்கே ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்த கத்தியை ஒரு தடவை கல்லுல வெச்சு தீட்டிட்டா சேக்கறவன் கணக்குல விலை இறங்கிடுது. பெட்டியோட, பேப்பரோட, ஒரு நூல்கூட அறுக்காம இருந்தாத்தான் மதிப்பு. தீட்டினா மதிப்பு போற கத்தி! இதை எங்க அத்தைகிட்ட சொல்லியிருந்தா என்னை ஏற இறங்க பாத்துட்டு, போய் தேங்காயை உரின்னு சொல்லியிருப்பாங்க.

நான் சொல்ல வரது, வேலை செய்யற வரைக்கும் அது சாமான், வேலையை விட்டு எடுத்து ஆம்பளை கையில குடுத்தா அது கலெக்ஷன். பேனாக்கத்திக்கு லிஸ்ட்ல இடம் கிடைச்சுது, அருவாமணைக்கு கிடைக்கல. உங்க வீட்லயும் லிஸ்ட் இருக்கு தம்பி, தீப்பிடிச்சா எடுக்கற லிஸ்ட், அதுல உங்க கிச்சன் கத்தி இல்ல, இருக்க வேணாம்தான், மழுங்கின கத்தியை யார் தூக்கிட்டு ஓடுவா. ஆனா அதை மழுங்க விட்டது யாரு? உங்க மனைவி டிஷ்வாஷர் கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க, எனக்கென்னவோ அவங்க கத்தியைப் பத்தித்தான் பேசறாங்கன்னு படுது, நீங்கதான் காதுல வாங்கல. கத்தியோட அருமை தெரியாதவங்கன்னு நினைச்சிட்டிருக்கீங்க, அந்த வீட்ல கத்தியை தினமும் கையில பிடிக்கிற ஒரே ஆள் அவங்க.

ரொம்ப திட்டிட்டேனோ. பரவாயில்ல, அக்கான்னு கூப்பிட்டீங்க. உங்க சேகரிப்பை விக்க சொல்லல, ஒண்ணைக்கூட விக்க வேணாம். இந்த சனிக்கிழமை அந்த பிளாஸ்டிக் கைப்பிடி கத்தியையெல்லாம் எடுத்து உங்க நல்ல கல்லுல வெச்சு, செபென்சாவுக்கு காட்டற அதே மரியாதையோட தீட்டுங்க. இருபது டாலர் கத்தியானாலும் ஒழுங்கா தீட்டினா தக்காளி தோல்ல அப்படியே இறங்கும், ஸ்டீல் பேர் என்னன்னு தக்காளிக்கு தெரியாது. வெள்ளிக்கிழமையே அவங்ககிட்ட சொல்லிடுங்க, சொல்லாம தீட்டி வெச்சா பழக்கத்துல அழுத்தி விரலை வெட்டிக்குவாங்க.

பையனுக்கு ஒபினெல் வாங்கிக் குடுங்க. பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவுவாவுல 1890ல ஜோசஃப் ஒபினெல் விவசாயிகளுக்காக செய்ய ஆரம்பிச்ச கத்தி, பீச் (beech) மரக் கைப்பிடி, கழுத்துல சுத்துற வளையம் ஒண்ணு இருக்கும், சுத்தி விட்டா அலகு மடங்காது, அந்த வளையம் 1955ல வந்துது. குழந்தைங்களுக்குன்னே நுனி உருண்டையா ஒண்ணு செய்யறாங்க, அதை வாங்குங்க. பிரான்ஸ்ல கத்தியை பரிசா வாங்கறவங்க பதிலுக்கு ஒரு காசு குடுக்கணும்பாங்க, இல்லேன்னா உறவு அறுந்துடுமாம், பையன்கிட்டேர்ந்து ஒரு பென்னி வாங்கிக்கோங்க. அப்புறம் அவனை அம்மா பக்கத்துல நிக்க வெச்சு வெள்ளரிக்காய் நறுக்க சொல்லுங்க, அவங்க சொல்லித் தரட்டும், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டிகிரி கணக்கெல்லாம் அவன்கிட்ட இப்ப பேசாதீங்க. மரக் கைப்பிடி, சிங்க்ல ஊறப்போட்டா உப்பிப்போய் அலகு வெளிய வராம சிக்கிக்கும், அதை மட்டும் சொல்லிக் குடுங்க.

ஃப்ளைட்டுக்கு கைப்பையில எதையும் வெக்காதீங்க, செக்-இன்ல போடுங்க, மிச்ச ரூல்ஸை ஏர்லைன்காரங்ககிட்ட கேளுங்க. வரும்போது செபென்சாவை கொண்டு வாங்க, கண்டிப்பா பாக்கணும், எங்க வீட்ல மாங்கா நறுக்கறதா இருந்தா மட்டும்.

அன்புடன்,
அக்கா