கர்னல் விழுந்தால் யாரைச் சந்தேகிப்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் உபுண்டு லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்றில் புதிய கார்டு ஒன்றைப் பொருத்தி, விற்பனையாளர் தந்த மாட்யூலை, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலோடு இணைந்து ஓடும் நிரலை, நிறுவினோம். அதிலிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை சர்வர் உறைந்துவிடுகிறது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்குகிறது. திரையில் 'கர்னல் பேனிக்', 'டெயின்டட்' என்ற சொற்கள் தெரிகின்றன. கார்டு விற்றவர் ராம் (நினைவகம்) பழுது என்கிறார்; ராம் விற்றவர் மாட்யூலைக் குறை சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: விழுந்த கணத்தில் கர்னல் விட்டுச்சென்ற தடயம் உங்கள் கைக்கு வரும்வரை இருவர் பேச்சையும் ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். 'டெயின்டட்' (கறைபட்டது) என்பது தீர்ப்பு அல்ல. கர்னலின் அதிகாரபூர்வ மூலத்திற்கு வெளியே உருவான மாட்யூல் ஏற்றப்பட்டால் 'ஓ' என்றும், அதன் உரிமம் தனியுடைமை என்றால் 'பி' என்றும், கையொப்பம் இல்லாவிட்டால் 'இ' என்றும் கர்னல் குறித்துவைக்கிறது. மாட்யூலை இறக்கிய பிறகும், கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை அந்தக் குறி நீங்காது.

பேனிக் நேரும்போது, அதாவது மீள முடியாத பிழையால் கர்னல் நின்றுவிடும்போது, பதிவின் கடைசி வரிகள் பெரும்பாலும் வட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே முதல் வேலையாக 'கேடம்ப்' வசதியை இயக்குங்கள். உபுண்டுவில் 'லினக்ஸ்-கிராஷ்டம்ப்' தொகுப்பை நிறுவி மறுதொடக்கம் செய்தால், நினைவகத்தில் ஒரு பகுதி தனியே ஒதுக்கப்படும். கர்னல் விழுந்தவுடன் அந்தப் பகுதியில் இரண்டாவது கர்னல் ஒன்று எழுந்து, இறந்த கர்னலின் நினைவகத்தை வட்டில் சேமித்துவிடும்.

அடுத்த முறை விழுந்ததும் அந்தப் பதிவில் 'ஆர்ஐபி' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். எந்தச் செயற்கூறில் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி, 'ஃபங்ஷன்'), அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி விழுந்தது என்பது அதில் இருக்கும். அந்தச் செயற்கூறு ஒரு மாட்யூலைச் சேர்ந்தது என்றால், வரியின் இறுதியில் சதுர அடைப்புக்குள் அதன் பெயரும் இருக்கும். அதன் கீழே, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்புத் தொடரில், கேள்விக்குறியுடன் தொடங்கும் வரிகளை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அவை ஸ்டாக்கில் (அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதியில்) எஞ்சிய பழைய முகவரிகளாக இருக்கலாம்.

மாட்யூலின் பெயர் அங்கே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இல்லாவிட்டால் அது குற்றமற்றது என்று ஆகிவிடாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைத் தாண்டி எழுதும் மாட்யூலோ, விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடும் மாட்யூலோ வேறொருவரின் தரவைக் கெடுத்துவிட்டு அமைதியாக இருக்கும்; பிறகு அந்தத் தரவைப் படிக்கப்போகும், தவறேதும் செய்யாத செயற்கூறுதான் விழும். இதைப் பிடிக்க, கர்னலின் நினைவக ஒதுக்கீட்டைச் சோதிக்கும் 'ஸ்லப்-டீபக்' வசதியை இயக்கலாம். விடுவிக்கப்பட்ட நினைவகம் அப்போது '6பி' என்ற பைட்டால் நிரப்பப்படுவதால், பதிவில் '6பி6பி6பி6பி' என்று நீளும் முகவரியைக் கண்டால், விடுவித்த இடத்தை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் விழுந்தால் ராமையும் சந்தேகிக்க வேண்டும். ராமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்' நிரலை இரவு முழுவதும் ஓட விடுங்கள். அதன்பின், கார்டைக் கழற்றாமல் மாட்யூலை மட்டும் தானாக ஏறாதபடி தடைப்பட்டியலில் சேர்த்து, அதே கர்னலில், அதே வேலைச்சுமையில் சர்வரை ஓட்டுங்கள். கார்டையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்து, எது காரணம் என்பது மறைந்துவிடும். வழக்கமான இடைவெளியைவிட வெகு நாட்கள் சர்வர் விழாமல் ஓடி, மாட்யூலைத் திரும்ப ஏற்றியதும் மறுபடி விழுந்தால், ராமைக் குறை சொல்ல இடமில்லை. கர்னல் பதிப்பு, மாட்யூல் பதிப்பு, முழுப் பதிவு ஆகிய மூன்றையும் சேர்த்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 2024 ஜூலையில் விண்டோஸ் கணினிகள் உலகெங்கும் நீலத்திரையில் நின்றதும் இதே வகைக் கோளாறுதானா?

பதில்: ஆம். ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. விழுந்தபோது சேமிக்கப்பட்ட நினைவகப் பதிவுகளான டம்ப் கோப்புகளில் அந்நிறுவனத்தின் கர்னல் டிரைவரின் (லினக்ஸ் மாட்யூலைப் போன்றது) பெயர் தெளிவாகவே இருந்தது. ஆனால் அன்று புதுப்பிக்கப்பட்டது டிரைவர் அல்ல, அது படிக்கும் 'சேனல் ஃபைல் 291' என்ற தரவுக் கோப்பு. அதிலிருந்த விதி 21-வது உள்ளீட்டைப் பார்க்கச் சொன்னது. நிரல் தந்ததோ 20 உள்ளீடுகள் மட்டுமே. இல்லாத இடத்தைப் படிக்கப்போய் கர்னலே விழுந்தது. முந்தைய விதிகள் 21-வது இடத்தில் எதுவானாலும் சரி என்று விட்டிருந்ததால், குறை அதுவரை வெளிப்படவில்லை. 'நேற்று எந்த டிரைவர் மாறியது?' என்று மட்டும் தேடியிருந்தால் விடை கிடைத்திருக்காது.

பிழையான கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். ஆயினும், விழுந்த கணினிகளில் பல, திருத்தம் வந்து சேருமுன் தொடக்கத்திலேயே மறுபடி மறுபடி விழுந்ததால், அவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்த இடங்களில் அதற்கு முன்பே மீட்புச் சாவியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.