லேப்டாப் பிராசசர் மாற்றலாமா? கேள்விகளும் பதில்களும்

பழைய லேப்டாப்பில் பிராசசரை மட்டும் மாற்றி வேகம் கூட்ட முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்பதற்கு முன் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, அதில் ‘பேக்கேஜ்’ என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 988 அல்லது 947 என்றால் இன்டெல் சிப் சாக்கெட்டில் செருகியிருக்கிறது, கழற்றலாம். 1168, 1356 போன்ற எண்கள் வந்தால் போர்டிலேயே சால்டர் செய்தது. அந்த வரியில் ‘சாக்கெட்’ என்ற சொல் இரண்டுக்குமே வரும், அதை வைத்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என்னிடம் டெல் இன்ஸ்பிரான் என்5110 இருக்கிறது. ஐ3-2310எம், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஐ7 போட ஆசை. எந்த ஐ7 வாங்குவது?

பதில்: முதலில் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். நீங்கள் அனுபவிக்கிற மந்தத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். இந்த மாடலில் ஹார்ட் டிஸ்க்கை எட்டவே மதர்போர்டு வரை கழற்ற வேண்டும். எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள், பிராசசரையும் அதே தடவையில் மாற்றிவிடலாம்.

உங்கள் ஐ3-யில் இரண்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 2.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தேவைப்படும்போது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) கிடையாது. ஐ5-2520எம் போட்டால் அதே 35 வாட்டில் 3.2 வரை டர்போ ஏறும். விலையும் குறைவு. ஐ7 என்றால் இரண்டு ரகம். ஐ7-2640எம் இரண்டே கோர்தான், ஐ5-ஐ விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே. பெயரில் ஐ7 இருக்கிறதே என்று அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஐ7-2670க்யூஎம் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), 45 வாட். டெல் இதே மாடலை நான்கு கோர் ஐ7 போட்டும் விற்றது, அதனால் பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) அந்த வகைச் சிப்பை ஏற்கும். ஆனால் அந்த 10 வாட் கூடுதல் சூட்டை உங்கள் ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகக் குழாயும் செதில்களும்) தாங்க வேண்டும். அடாப்டர் 65 வாட் என்றால் 90 வாட்டுக்கு மாறுங்கள். அதுவும் டெல் அடாப்டராகவே இருக்கட்டும். லேப்டாப்புக்கு அடையாளம் தெரியாத அடாப்டரைச் செருகினால் டெல் பயாஸ் பிராசசரைத் தவழ விட்டுவிடும். ஐ7 போட்டும் வேகம் வரவில்லை என்று பிறகு சிப்பைத் திட்டுவீர்கள்.

வீடியோ எடிட்டிங், கோடு கம்பைல் செய்வது மாதிரி வேலை இல்லையென்றால் ஐ5-2520எம் போதும்.

கேள்வி: 988 பின் என்றால் மூன்றாம் தலைமுறை ஐ7-3632க்யூஎம் சிப்பும் அதே சாக்கெட்தானே? இரண்டாம் தலைமுறை லேப்டாப்பில் போட்டால் என்ன?

பதில்: உட்காரும், ஓடாது. (இந்த நான்கு இலக்க எண்களில் 2-இல் தொடங்குவது இரண்டாம் தலைமுறை, 3-இல் தொடங்குவது மூன்றாம் தலைமுறை.) பெரும்பாலான இரண்டாம் தலைமுறை லேப்டாப்களின் பயாஸுக்கு அந்தச் சிப்பைத் தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். தயாரிப்பாளர் அதற்கென்று பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால் மட்டும் யோசியுங்கள். மூன்றாம் தலைமுறை லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கோ ஐ7-3632க்யூஎம் அருமையான தேர்வு. நான்கு கோர் இருந்தும் 35 வாட்தான், ஐ5-க்கென்று செய்த ஹீட் சிங்க்கே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

முதல் தலைமுறையும் 988 பின்தான். அந்தச் சாக்கெட் வேறு, இரண்டாம் தலைமுறைச் சிப் அதில் உட்காரவே உட்காராது.

கேள்வி: மாமா வீட்டு டெஸ்க்டாப்பில் ஐ7-2600 சும்மா கிடக்கிறது. என் லேப்டாப்பில் போடலாமா சார்?

பதில்: முடியாது. அது 95 வாட், அடியில் பின்னே கிடையாது. மாமாவிடமே இருக்கட்டும்.

கேள்வி: திங்க்பேட் டி440பி செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், ஐ5-4300எம். நான்கு கோர் போட வேண்டும். 4702, 4712, 4700, 4800 என்று தலை சுற்றுகிறது.

பதில்: நல்ல லேப்டாப் வாங்கியிருக்கிறீர்கள். இன்டெல் லேப்டாப் பிராசசர்களில் சாக்கெட்டில் வந்த கடைசித் தலைமுறை இந்த நான்காவதுதான். ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே சால்டர்.

கடைசியில் ‘எம்க்யூ’ என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். ‘எச்க்யூ’, ‘யூ’ என்று முடிபவை சால்டர் ரகம். ஐ7-4702எம்க்யூ, 4712எம்க்யூ இரண்டும் 37 வாட், இப்போது உள்ள ஐ5-யும் அதே 37 வாட். 4700எம்க்யூ, 4800எம்க்யூ 47 வாட். என்னைக் கேட்டால் 4712எம்க்யூ. டர்போ 3.3 வரை போகும், விசிறி கத்தாது. 4800எம்க்யூ காகிதத்தில் 3.7 என்று காட்டும். ஒற்றைக் குழாய் ஹீட் சிங்க்கில் அந்த வேகம் நெடுநேரம் நிற்காது, சூடேறித் தானே இறங்கிவிடும். அதுதான் வேண்டும் என்றால், தனி கிராபிக்ஸ் வைத்த டி440பி-யின் இரட்டைக் குழாய் ஹீட் சிங்க்கையும் சேர்த்து வாங்குங்கள். 90 வாட் அடாப்டரும் தேவை. ரேம் சேர்ப்பதானால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே.

கேள்வி: அப்படி ஐ7 போட்டால் விண்டோஸ் 11 வருமா?

பதில்: வராது. முறைப்படி எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகப் பிராசசர் மாற்ற நினைத்தால் அந்தக் காசைச் சேமித்து வையுங்கள். லினக்ஸ் மின்ட் பழகிக்கொள்ளத் தயார் என்றால் பழைய சிப்பிலேயே நிம்மதியாக ஓட்டலாம்.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி ஏ6-4400எம். ஏஎம்டிக்காரர்களை ஏன் மறந்துவிடுகிறீர்கள்?

பதில்: மறக்கவில்லை! உங்களுக்குத்தான் லாபம் அதிகம். ஏ10-4600எம் தேடுங்கள். இரண்டு கோர் நான்காகும், அதே 35 வாட். கிராபிக்ஸும் சிப்புக்குள்ளேயே இருப்பதால் அதன் ஷேடர் (படத்தை வரையும் சிறு அலகுகள்) எண்ணிக்கையும் 192-இலிருந்து 384 ஆகும். இதற்கு முந்தைய ஏ8-3500எம் வரிசை வேறு சாக்கெட், அதை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பிராசசர் மாற்ற முடியுமா? என்னுடையது ஐ7-7500யூ, அதையும் ஐ5-8250யூ ஆக்க முடியுமா? (இரண்டு பேர் கேட்டவை)

பதில்: அரசு லேப்டாப் ஆண்டுக்கு ஆண்டு மாடல் மாறி வந்தது. மேலே சொன்னபடி சிபியு-இசட்டில் பாருங்கள். சால்டர் என்றால் எஸ்எஸ்டி, ரேமோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாமவருக்கு: உங்கள் ஐ7-யில் இரண்டு கோர், அந்த ஐ5-யில் நான்கு, இரண்டுமே 15 வாட். ஆசை நியாயமானதுதான், ஆனால் வழியில்லை. சிப்பைச் சூடுகாட்டி எடுத்து வேறொன்றை ஒட்டுகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். புதிய சிப்புக்குப் பயாஸும் ஒத்துவர வேண்டும், கூலியும் ஆகும், போர்டே போனாலும் போகலாம். எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பிராசசர் கிடைக்கிறது. வாங்கும்போது என்ன பார்ப்பது?

பதில்: திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பின் வரிசையைப் பாருங்கள், ஒன்று சாய்ந்திருந்தாலும் தெரியும். நடுவில் இருக்கும் பளபளப்பான சிலிக்கான் துண்டின் மூலை உடைந்திருக்கக் கூடாது. லேப்டாப் சிப்பில் அதன்மேல் உலோக மூடி இருக்காது, அழுத்தினால் எளிதில் சில்லு பெயரும். ஐ5-3210எம் மாதிரி சில சிப்கள் ஒரே பெயரில் பின் வைத்தும் வந்தன, சால்டர் ரகமாகவும் வந்தன. இணையத்தில் வாங்கினால் அடிப்பக்கப் படம் கேளுங்கள். ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரிச் சிப். விலை குறைவாகத்தான் இருக்கும், வேண்டாம்.

கேள்வி: 4700எம்க்யூ மாட்டிவிட்டேன், ஓடுகிறது. ஆனால் கேம் விளையாடினால் 97 டிகிரி காட்டுகிறது. ஆபத்தா?

பதில்: 100-ஐத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே எரிந்துபோகாது. ஆனாலும் அப்படியே விடாதீர்கள். ஹீட் சிங்க்கைக் கழற்றி, விசிறிக்கும் செதில்களுக்கும் நடுவே படிந்த தூசியை எடுங்கள். சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக அரிசியளவு வைத்து, ஹீட் சிங்க்கில் போட்டிருக்கும் எண் வரிசைப்படி திருகுகளை முடுக்குங்கள். அப்புறமும் குறையவில்லை என்றால் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வையுங்கள். டர்போ நின்றுவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோரும் ஓடும், சூடு சட்டென இறங்கும். கேமில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.