கிரீன்லாந்து சுற்றுவழியா?

கேள்வி: ஐயா, மகளின் பிரசவத்துக்காகத் துபாய் வழியாக சிகாகோ போய் வந்தேன். சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் பார்த்தால் விமானம் வடக்கே ஏறி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று போகிறது. வீட்டுச் சுவரில் இருக்கும் உலக மேப்பில் ஸ்கேல் வைத்தால் சென்னையிலிருந்து சிகாகோவுக்கு நேர்கோடு அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் வழியாகத்தானே வருகிறது? ஏன் இப்படிச் சுற்றுகிறார்கள்? உண்மையில் தூரம் எவ்வளவு?
- வாசகி, குடியாத்தம்

பதில்: உங்களைச் சுற்றவிட்டது அந்த மேப்தான் அம்மா, விமானம் நேராகத்தான் போயிருக்கிறது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் துருவப் பக்கம் எல்லாமே இழுபட்டுப் பெரிதாகிவிடும். அதன் மேல் ஸ்கேல் வைத்துத் தூரம் பார்க்கக் கூடாது.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் புவியியல் எடுத்தவன் நான். இந்தப் பாடத்துக்கு மட்டும் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு முழம் பாவு நூல் கேட்பேன். ரப்பர் பேண்ட் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், அது நீளும். எங்கள் பள்ளி உலக உருண்டை 30 செ.மீ. விட்டம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 425 கி.மீ.

சென்னையில் நூலின் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, சிகாகோவில் மறுமுனையை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக நழுவி வடக்கே ஏறும். தில்லி, மத்திய ஆசியா, உரால் மலை, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்தின் வடபகுதி, ஹட்சன் விரிகுடா, சிகாகோ. அளந்தால் 32 சென்டிமீட்டரும் கொஞ்சமும். அதாவது சுமார் 13,800 கி.மீ. நீங்கள் மேப்பில் போட்ட கோடு போகும் இடங்கள் வழியாகவே உருண்டையில் நூலை ஒட்டவைத்துப் பாருங்கள், 39 செ.மீ. வரும். 16,500 கிலோமீட்டருக்கு மேல்! வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் நம்பாமல் மறுபடி அளப்பார்கள். அளக்கட்டும் என்று விட்டுவிடுவேன், எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் பாடமே.

சரி, துபாய் கணக்கு. சென்னை - துபாய் சுமார் 2,900, துபாய் - சிகாகோ சுமார் 11,600. ஆக 14,500. நடுவில் இறங்கி ஏறியதற்கு உங்களுக்கு எழுநூறு கிலோமீட்டர்தான் கூடுதல். துபாயிலிருந்து நூல் பிடித்தால் அது நீங்கள் பார்த்த ஐஸ்லாந்து, தெற்கு கிரீன்லாந்து மேலேயே வரும். காற்றுக்கும் மூடியிருக்கும் வான்வழிகளுக்கும் ஏற்ப விமானிகள் கொஞ்சம் விலகிப் போவதும் உண்டு.

அப்புறம், திரும்பி வரும்போது நேரம் குறைந்திருக்குமே, கவனித்தீர்களா? தூரம் அதேதான். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கும்.