வானம்பாடியை எங்கே போய்ப் பார்க்கலாம்? பச்சை வயல்களில் தேடியும் கண்ணில் படவில்லையே?

பச்சையாக இருக்கிற இடத்தில் தேடியதால்தான் படவில்லை என்று நினைக்கிறேன். நெல் அறுத்த தாள், குளத்தோரப் புல்தரை என்று போனால் சின்ன வானம்பாடி கிடைக்கலாம். நான் சொல்லப்போகிற மற்ற இரண்டு வகைக்கு, சாம்பல் தலை வானம்பாடிக்கும் ஜெர்டான் வானம்பாடிக்கும், வறண்ட வெட்டவெளிதான் வீடு.

என் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் போகிற பக்கம். எங்கள் பகுதியில் கொறங்காடு என்று உண்டு. ஆடு மாடு மேய்வதற்கென்றே பெரும்பாலும் உழாமல் விட்டுவைத்த மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் "என்னங்க, சும்மா போட்டு வச்சிருக்கீங்க" என்பார்கள்.

அங்கே காலை ஏழு மணிக்குப் போய் அசையாமல் உட்காருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. சாம்பல் தலை வானம்பாடி சிட்டுக்குருவியை விடச் சிறியது, மண்கட்டி நிறம். ஆணுக்கு மட்டும் கண்ணோரமும் வயிறும் கறுப்பு. திடீரென்று படபடவென மேலே ஏறும், இறக்கையை மடக்கிக்கொண்டு ஒரு நீண்ட விசிலோடு கல் மாதிரி விழும், விழுந்த வேகத்திலேயே மறுபடி மேலே எழும்பும். இப்படியே ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மண்கட்டி மேல் வந்து உட்காரும். மரத்தில் உட்காரவே உட்காராது.

கூடும் தரையில்தான். சின்ன வயதில் ஆடு ஓட்டிப் போகும்போது என் காலடியிலிருந்து ஒன்று விருட்டென்று பறந்தது. குனிந்து பார்த்தால், மாட்டின் குளம்பு பதிந்த பள்ளத்துக்குள் கொஞ்சம் புல், இரண்டு முட்டை. மறுநாள் அப்பாருவை, அதாவது தாத்தாவை, கூட்டிக்கொண்டு போய்த் தேடினேன், அந்த இடமே பிடிபடவில்லை. அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று ஜெர்டான் வானம்பாடி. இறக்கையில் செம்மண் நிறம் தெரியும். இது வேலி, மின்கம்பி, வெள்வேல நுனி எல்லாவற்றிலும் உட்காரும். அங்கிருந்து எழும்பிப் பாடிவிட்டு, இறக்கையை உயர்த்தி, காலைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கும். இதுவும் தரையில்தான் கூடு கட்டும், புல் தூருக்கு அடியில், மேலே மூடாக்கோடு.

இரண்டுக்கும் தின்னப் புல்விதையும் பூச்சியும் வேண்டும்; நடக்கக் கொஞ்சம் வெறும் தரை வேண்டும். மேய்ச்சல் நின்று சீமைக்கருவேலம் மூடினாலும் போச்சு, போர்வெல் போட்டுத் தென்னை வைத்தாலும் போச்சு. எங்கள் பக்கத்துக் கொறங்காட்டில் நல்ல மனதோடுதான் நெருக்கி மரம் நட்டார்கள். இப்போது அங்கே குயில் கூவுகிறது, வானம்பாடியைக் காணோம். மரம் நட்டால் எல்லாப் பறவைக்கும் நல்லது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, போகிறீர்கள் என்றால் வெள்ளகோவில், மூலனூர் பக்கமும் நல்ல இடம்தான். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தடத்தை விட்டு விலகாமல் நடங்கள், முட்டை மிதிபடும். அப்புறம், உள்ளே போனதும் படலை மறக்காமல் சாத்துங்கள். திறந்து கிடந்தால் ஆடெல்லாம் ரோட்டுக்குப் போய்விடும்.