கடவுள் இல்லாத உலகில் ஒரு பாலடின்

வணக்கம்.

நண்பர்களுக்காக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு கேம்பெயின் (தொடர்கதை ஆட்டம்) தயார் செய்துகொண்டிருக்கிறேன். என் உலகில் கடவுள்கள் கிடையாது. மந்திரவாதிகள் உண்டு, ஆனால் யார் எதை வேண்டினாலும் மேலிருந்து பதில் வராது. நண்பன் ஒருவன் பாலடின்தான், அதாவது தெய்வீக சக்தியுள்ள சபத வீரனாகத்தான், ஆடுவேன் என்கிறான். விதிகளில் ‘தெய்வீக’ என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு ‘மன உறுதி’ என்று எழுதிக்கொண்டால் போதுமா? இல்லை, பேசாமல் சாதாரணப் போர்வீரனான ஃபைட்டர் ஆடச் சொல்லிவிடட்டுமா? குழுவில் காயம் ஆற்ற வேறு ஹீலரும் இல்லை. அவனுக்குக் குதிரை வேறு வேண்டுமாம்.

— ர.

அன்புள்ள ர.,

பாலடினை எடுத்துவிடுவது ஒன்றும் பாவமில்லை. இதே விளையாட்டுக்காக 1991-இல் வந்த டார்க் சன் தொகுப்பு அதைத்தான் செய்தது. கடவுள்கள் இல்லாத பாலைவன உலகம் அது. கிளெரிக் என்ற பூசாரிகளுக்கு நெருப்பு, நீர் போன்ற பூதங்களிடமிருந்து சக்தி வந்தது. பாலடினுக்கு இடமே இல்லை. ஆனால் உங்கள் நண்பனுக்கு ஸ்பெல் (மந்திரம்) மேல் ஆசை இருந்திருந்தால் மந்திரவாதியான விஸார்ட் கேட்டிருப்பான். வாக்குக் கொடுத்துவிட்டு அதற்குக் கட்டுப்பட்டுத் திண்டாடுகிற ஒருவனாக ஆட விரும்புகிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் திண்டாட்டத்தை ஃபைட்டர் தராது.

சொல்லை மாற்றி எழுதினாலும் அது கிடைக்காது. 1978 விதிநூலில் பாலடின் தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் அந்த நிமிடமே பட்டம் போய்விடும், திரும்பவும் வராது. தீர்ப்புச் சொல்ல ஒருவர் மேலே உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தில் அந்த நாற்காலி, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருடையது. அதனால் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைத் தளர்த்தி, பாலடினின் பலம் அவன் எடுத்த சபதத்திலிருந்தே வரலாம் என்றது. சரி, அந்தச் சபதத்தைக் கேட்பது யார்? ‘பிரபஞ்சம் கேட்கிறது’ என்றால் பின்வாசல் வழியாகக் கடவுளைக் கூட்டி வந்துவிட்டோம். உங்கள் ‘மன உறுதி’யிலும் இதே ஓட்டைதான். தன் சபதம் உடைந்ததா இல்லையா என்று அவனே தீர்மானிப்பான் என்றால், அது உடையவே உடையாது.

இதற்கு விடை புறநானூற்றில் இருக்கிறது. 72-ஆம் பாட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் வஞ்சினம் சொல்கிறான். தன்னை இளக்காரமாகப் பேசிய அரசர்களைப் போரில் தோற்கடிக்காவிட்டால் என்ன ஆகட்டும் என்கிறான், பாருங்கள்: குடிமக்கள் கண்ணீர் விட்டு ‘எங்கள் அரசன் கொடியவன்’ என்று பழி தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நிலத்தைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். தண்டனை மூன்றிலும் தெய்வம் வரவில்லை. முதல் இரண்டில் தண்டிப்பவர்கள் மனிதர்கள்தான்.

உங்கள் பாலடினையும் இப்படியே தொடங்குங்கள். முதல் நாள் ஆட்டத்திலேயே, பெயர் உள்ள சில பாத்திரங்களின் முன்னால் அவன் சபதம் சொல்லட்டும். தவறினால் யார் தன்னை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவனே சொல்லட்டும். அதற்குப் பிறகு தீர்ப்பு உங்கள் கையில் இல்லை, சாட்சிகள் கையில்.

ஆறாம் லெவலில் பாலடினுக்குக் கிடைக்கும் ஆரா (அவனைச் சுற்றிய பாதுகாப்பு வளையம்) இந்த ஏற்பாட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. 10 அடிக்குள் இருக்கும் நண்பர்களின் சேவிங் த்ரோக்களில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் டைஸில்) அவனுடைய கரிஸ்மா (ஆளுமை) கூட்டல் சேரும். விஷத்துக்கும் நோய்க்கும் மட்டும் அதை விலக்கிவிட்டு, மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அவனை நம்புகிறவர்களுக்கு மட்டுமே அது பலிக்கும். சபதத்தை மீறினால் ஆரா உடனே அணைந்துவிடாது. செய்தி எட்டிய இடங்களில்தான் அணையும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இன்னும் செய்தி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜனங்கள் அவன் பக்கத்தில் நின்று தைரியமாகச் சண்டை போடுவார்கள், டைஸும் அவர்களுக்குச் சாதகமாகவே விழும். உண்மை அவனுக்கு மட்டும் தெரியும். யாருமே பார்க்காத மீறலுக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

இதை நீட்டி ஆட விரும்பினால் டிராகன்லான்ஸ் என்ற கற்பனை உலகின் சொலாம்னியா வீரர்களைப் பாருங்கள். பேரழிவுக்குப் பிறகு கடவுள்கள் போய்விட்டார்கள். ஜனங்களோ பழியை அந்த வீரர்கள் மேல் போட்டு அவர்களை விரட்டினார்கள். கையில் மிஞ்சியது ஒரு சபதமும் தடித்தடியான சட்டத் தொகுதிகளும்தான். அதைப் பிடித்துக்கொண்டு சிலர் வாழ்ந்தார்கள், சிலர் அதைக் கட்டியழுதே கெட்டுப்போனார்கள். எனக்கு மிகப் பிடித்த வீரர் கூட்டம் இதுதான்.

ஹீலிங் பெரிய சிக்கல் இல்லை. ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) என்பதில் உடல் பலத்தோடு உயிர்வாழும் பிடிவாதமும் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது என்று விதிநூலே சொல்கிறது. நான்காம் பதிப்பின் வார்லார்ட் என்ற படைத்தலைவன் வெறும் சொல்லாலேயே நண்பர்களைத் தேற்றி நிறுத்தினான். அவன் சக்தி போர்த்திறன் வகை, தெய்வீக வகை இல்லை. அதனால் பாலடின் கை வைத்துக் குணப்படுத்தும் லே ஆன் ஹேண்ட்ஸில் லெவலுக்கு ஐந்து பாயிண்ட் என்ற கணக்கை விட்டுவைத்து, நோயையும் விஷத்தையும் நீக்குகிற பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

ஸ்லாட் செலவழித்து அடியின் வலுவைக் கூட்டும் ஸ்மைட்டுக்கு: ஸ்பெல் பட்டியலை எடுத்துவிட்டு, ஸ்பெல் போடும் வாய்ப்புகளான ஸ்லாட்டுகளை விட்டுவையுங்கள். ஐந்தாம் லெவலில் முதல்நிலை நான்கும் இரண்டாம்நிலை இரண்டும் இருக்கும், அது போதும். ஆனால் எதிரியைப் பெயர் சொல்லியோ சுட்டிக்காட்டியோ எல்லாருக்கும் கேட்கும்படி சவாலுக்கு அழைத்த பிறகுதான் ஸ்மைட். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டில் 2010-இல் வந்த கேவலியர் (குதிரை வீரன்) இப்படி ஒரு சவாலை வைத்துத்தான் ஓடியது. ஒளிந்திருந்து முதுகில் குத்தும் ஸ்மைட் இதோடு ஒழிந்தது; எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. போன ஸ்பெல்களுக்கு ஈடாக பேட்டில் மாஸ்டர் என்ற ஃபைட்டர் வகையின் உத்திகளில் இரண்டைக் கொடுத்து, ஸ்லாட் செலவழித்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் குதிரை. ஐந்தாம் பதிப்பில் அது ஒரு ஸ்பெல். செத்தாலும் மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் உலகில் நிஜக் குதிரைதான். சாதாரணப் போர்க்குதிரைக்கு 19 ஹிட் பாயிண்ட். ஒரு ஃபயர்பால் ஸ்பெல் சராசரியாக 28 பாயிண்ட் சேதம் போடும், சேவ் தவறினால் குதிரை காலி. அதனால் அவன் லெவல் ஏறும்போதெல்லாம் குதிரைக்கும் ஐந்து பாயிண்ட் ஏற்றிவிடுங்கள். நண்பனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, குதிரைக்குப் பெயர் வைப்பதற்குள்.